கிரீமில் ஒரு கரண்டி சாராயம்: நுரை எதனால் நிற்கிறது, எதனால் சரிகிறது

அடித்துத் திரட்டிய கிரீமில் நாலைந்து கரண்டி பிராந்தியை விட்டதும் அது கண்ணெதிரே தளர்ந்து, சற்று நேரத்தில் கிண்ணத்தின் அடியில் நீர் விட்டுவிடும். டிசம்பர் மாதத்து மலையகச் சமையலறைகளுக்கு இது புதிய காட்சி அல்ல. பழி பெரும்பாலும் போத்தலின் மீது விழும். இல்லாவிட்டால், கடைக்காரர் பழைய கிரீமைத் தலையில் கட்டிவிட்டார் என்று பேச்சு எழும். அநேகமாக இரண்டும் காரணமல்ல. அங்கே பிசகியது கொழுப்பின் கணக்கு. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் ரம், பிராந்தி, தென்னஞ்சாராயம் என எதையும் கிரீமில் சேர்க்கலாம். எவ்வளவு சேர்க்கலாம் என்பதையும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் பண்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த விப்பிங் கிரீமைக் காற்றேற அடித்து, கொஞ்சம் ஐசிங் சீனியும் ஒரு மேசைக்கரண்டி மதுவும் சேர்த்து, கேக், புட்டிங், பழம் ஆகியவற்றின் மேல் வைத்துப் பரிமாறுவது. சமைப்பது என்று எதுவும் இல்லை. துரை பங்களாக்களின் குசினியில் பிரெட் புட்டிங்கும் கேரமல் புட்டிங்கும் டிரைபிளும் செய்து பழகிய கைகளுக்கு இது தெரிந்த வேலைதான். இன்று வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் கையில் ஒரு முட்டை அடிக்கும் கம்பியும் இருந்தால் யாரும் செய்யலாம்.

நுரையைத் தாங்குவது எது?

பாலிலுள்ள கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு. ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அந்தச் சவ்வுதான் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. பசும்பாலில் இந்தக் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான் இருக்கும். விப்பிங் கிரீமில் அது 35 பங்கை ஒட்டி இருக்கும். பாலை எவ்வளவு அடித்தாலும் மேலே கொஞ்சம் நுரைத்து அடங்கிவிடுவதற்கும், கிரீம் குவித்த இடத்தில் நிற்பதற்கும் காரணம் இந்த வித்தியாசம்தான்.

கம்பியால் அடிக்கும்போது காற்றுக் குமிழிகள் உள்ளே போகின்றன. முதலில் பாலிலுள்ள புரதம் அவற்றைச் சுற்றி ஒரு தற்காலிக உறை போடுகிறது. அடி தொடரத் தொடரக் கொழுப்பு உருண்டைகளின் சவ்வு அங்கங்கே உரிகிறது. சவ்வு உரிந்த இடத்தில் ஓர் உருண்டை அடுத்ததைப் பற்றிக்கொள்கிறது. இப்படிப் பற்றிய உருண்டைகள் சங்கிலியாக நீண்டு ஒவ்வொரு காற்றுக் குமிழியையும் சூழ்ந்து நிற்கின்றன. இருந்த அளவைப் போல் ஏறக்குறைய இரு மடங்காக ஊதியிருக்கும் அந்த வெண்மை முழுவதையும் தாங்குவது இந்தக் கொழுப்புச் சங்கிலிதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உருண்டைகள் பற்றிக்கொள்ள வேண்டும், ஆனால் ஒன்றுக்குள் ஒன்று உருகிக் கலந்துவிடக் கூடாது. தேயிலைச் சரிவுகளில் சாந்து பூசாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய தடுப்புச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். முனையும் மூலையுமாக இருப்பதால் அந்தக் கற்கள் ஒன்றில் ஒன்று மாட்டி நிற்கின்றன. ஆற்றுக் கூழாங்கல்லை அப்படி அடுக்கினால் உருண்டுவிடும். குளிர்ந்த கொழுப்புக்குள் சிறு படிகங்கள் உண்டாகி, அந்த முனைகளைத் தருகின்றன. கொழுப்பு இளகினால் முனைகள் மறைந்துவிடும். அதனால்தான் கிரீம் 4, 5 பாகை செல்சியஸில் இருக்கும்போது அடிக்க வேண்டும் என்கிறார்கள். 10 பாகையைத் தாண்டினால் வேலை சிரமம்.

நுவரெலியாக்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: ஊரே குளிர்சாதனப் பெட்டி, அப்புறம் என்ன கவலை என்று. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அந்த ஊரின் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது. நமக்கு அது கம்பளிச் சட்டைக் குளிர், கிரீமுக்கு வெயில். அங்கே கிடைக்கும் ஒரே சலுகை, அடித்து முடித்த கிரீம் மேசையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும் என்பது. கண்டியிலோ மாத்தளையிலோ செய்பவர்கள் கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

இன்னொன்று: கொழுப்பு உடனே படிகமாகிவிடாது. ஹற்றனில் வாங்கிய கிரீமை மஸ்கெலியாவுக்கு பஸ்ஸில் கொண்டுவந்து, அரை மணி நேரம் குளிரில் வைத்துவிட்டு அடிக்கத் தொடங்கினால், பெட்டி தொடுவதற்குக் குளிராக இருந்தாலும் உள்ளே கொழுப்பு இன்னும் தயாராகியிருக்காது. ஓர் இரவு முழுவதும் இருக்கட்டும். அவசரத்துக்காக உறைய வைக்கவும் கூடாது. பனிக்கட்டி முனைகள் சவ்வைக் கிழித்துவிட்டால், உருகிய பிறகு கிரீம் திரிதிரியாகப் பிரிந்துபோகும்.

எந்தக் கிரீம்?

கடையில் ‘கிரீம்’ என்ற பெயரில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பெட்டியின் பக்கவாட்டில் கொழுப்பின் அளவைப் பாருங்கள். நூற்றுக்கு 35 அல்லது அதை ஒட்டி இருந்தால் வாங்கலாம். 30க்குக் கீழே போனால் அடிக்கும் ஆசையை விட்டுவிடலாம். பழக் கலவைக்கு ஊற்றும் டின் கிரீமும் குக்கிங் கிரீமும் பெரும்பாலும் 20 முதல் 25க்குள் இருப்பவை. அவை ருசிக்கும், நிற்காது.

தாவரக் கொழுப்பில் செய்த ‘டொப்பிங்’ என்று ஒரு வகை இருக்கிறது. பேக்கரிக் கேக்குகளில் பூவாகப் பிழிந்திருப்பது அநேகமாக அதுதான். உறுதியாக நிற்கும், கூடுதல் மதுவையும் தாங்கும், வெப்பத்துக்கும் அசையாது. ஆனால் வாய்க்குள் உருகாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டுகிறது. நல்ல சாராயத்தின் வாசனையை அதில் கொட்டுவது எனக்கு வீண்செலவாகவே படுகிறது.

வீட்டில் மாடு நிற்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: காய்ச்சிய பாலில் திரளும் ஆடையைச் சேர்த்து வைத்து அடிக்கலாமா? முடியாது. சூட்டில் புரதமும் கொழுப்பும் சேர்ந்து இறுகியதுதான் பாலாடை. அதிலுள்ள உருண்டைகள் ஏற்கெனவே தனித்தனியாக இல்லை. அடித்தால் நேரே வெண்ணெய்தான் வரும். அம்பேவளைப் பக்கத்துப் புல்வெளியையும் மாடுகளையும் பார்த்துவிட்டு, கறந்த பாலை வாங்கி வந்து கிரீம் எடுக்கக் கிளம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை: காய்ச்சாத பாலின் மேல் மிதக்கும் கொழுப்பைப் பச்சையாகச் சாப்பிடுவது நோய்க்கு வழி. பெட்டியில் வரும், பதப்படுத்திய கிரீமே போதும்.

மது உள்ளே வந்ததும் என்ன ஆகிறது?

இப்போது கணக்குக்கு வருவோம். 200 மில்லிலீற்றர் கிரீமில் கொழுப்பு 35 சதவீதம் என்றால், ஏறத்தாழ 70 பங்கு கொழுப்பு இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் ரம் விட்டால் அதே 70 பங்கு இப்போது 215க்குள் பரவுகிறது. சதவீதம் 32.5 ஆகிறது, நுரை நிற்கும். இரண்டு கரண்டி விட்டால் 30.4. அது எல்லைக்கோடு. மென்மையாகக் குவியும், பூவாகப் பிழிய வராது. நான்கு கரண்டி விட்டால் 27க்குக் கீழே போய்விடும். நல்ல விப்பிங் கிரீமைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் அதை டின் கிரீமாக மாற்றிக்கொண்ட கதைதான்.

நீர்த்துப்போவதோடு விஷயம் முடிவதில்லை. 40 சதவீத மதுசாரம் கொண்ட ரம்மில் மீதி பெரும்பகுதி தண்ணீர். அந்த மதுசாரமும் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, குமிழிகளைச் சுற்றிப் புரதம் போட்டிருக்கும் உறையைத் தளர்த்துகிறது. ஆகவே ஒரு கரண்டி ரம் ஒரு கரண்டி தண்ணீரைவிடச் சற்றுக் கூடுதலாகவே நுரையைக் கெடுக்கும். குறைந்த அளவில் நிறைந்த வாசனை தரும் மதுவைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

அப்படிப் பார்த்தால் கரும்புப் பாகில் வடித்துப் பீப்பாயில் கிடந்த கறுப்பு ரம் முதலிடம் பெறும். பிராந்திக்குக் கிறிஸ்மஸ் கேக்கோடு பழைய உறவு. முந்திரியும் வற்றலும் பூசணி அல்வாத் துண்டுகளும் அதில்தானே ஊறுகின்றன. ஆனால் நம் நாட்டுக்கென்று ஒன்று இருக்கிறது: தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் சாராயம். முத்திரையிட்ட போத்தல்களில் வருபவை பெரும்பாலும் 33 முதல் 37 சதவீதத்துக்குள் இருக்கும். மரப்பீப்பாயில் சில ஆண்டுகள் கிடந்த சாராயத்தில் தென்னையின் இனிமையோடு லேசான பூமணமும் உண்டு. அதனுடன் சீனிக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி கித்துள் பாணி சேர்த்துப் பாருங்கள். பிராந்தியை மறந்துவிடுவீர்கள். பாணியும் திரவம்தான், கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். சாராயத்தை ஒரு கரண்டியிலிருந்து முக்கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

ஐரிஷ் கிரீம் வகை மதுவில் 17 சதவீதம் அளவுதான் மதுசாரம், கூடவே பாலும் சீனியும் இருப்பதால் கிரீமோடு இணக்கமாகப் போகும். இரண்டு கரண்டி வரை தாங்கும், ஆனால் சீனியை நிறுத்திவிட வேண்டும். பியர், வைன், கள்ளு மூன்றும் இதற்கு ஆகாது. வாசனை தெரிய வேண்டுமானால் ஊற்ற வேண்டிய அளவில் நுரை மூழ்கிவிடும். வைனிலும் கள்ளிலும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் கிரீம் திரியவும் கூடும். கசிப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: எதில் வடித்தது, எத்தனை வீதம், மெதனோல் கலந்ததா என்று தெரியாத எதையும் சாப்பாட்டில் சேர்க்காதீர்கள்.

கையில் எடுத்துச் செய்யும்போது

200 மில்லிலீற்றர் கிரீமை முந்தின இரவே குளிரில் வையுங்கள். அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு எவர்சில்வர் கிண்ணத்தையும் கம்பியையும் பிரீசரில் வைத்துவிடுங்கள். மதுவையும் ஒரு சிறு குவளையில் அளந்து அங்கேயே வைக்கலாம். 40 சதவீத மது வீட்டுப் பிரீசரில் உறையாது. இதில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள்: கிரீமை நன்றாகக் குளிர வைத்துவிட்டு, அலுமாரியில் இருந்த போத்தலை அப்படியே எடுத்து ஊற்றுகிறார்கள்.

அடிக்கத் தொடங்குங்கள். மின்சார பீட்டர் என்றால் நடுத்தர வேகம் போதும். கையால் என்றால் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் ஆகலாம், தோள் கொஞ்சம் வலிக்கும். முதலில் பெரிய குமிழிகள் வரும், சலசலக்கும். பிறகு குமிழிகள் சிறுத்து, சத்தம் மாறும். தண்ணீரை அடிக்கும் ஓசை போய்க் கம்பி எதிலோ புதைந்து நகரும் ஓசை வரும். அந்த நேரத்தில் கம்பி போன தடம் மேற்பரப்பில் தெரியும். ஆனால் ஓரிரு விநாடியில் மூடிக்கொள்ளும். இப்போது ஒன்றரை மேசைக்கரண்டி ஐசிங் சீனியைத் தூவுங்கள். அதில் வழக்கமாகச் சேர்ந்திருக்கும் சோளமாவும் நுரைக்குக் கொஞ்சம் உதவி. தொடர்ந்து அடித்தால் தடம் மூடாமல் நிற்கும். கம்பியைத் தூக்கினால் நுனியில் ஒரு கொக்கி எழுந்து, தலை சாய்ந்து நிற்கும். அங்கே நிறுத்துங்கள்.

மது சேர்க்க வேண்டிய இடம் இதுதான். குவளையை ஒரேயடியாகக் கவிழ்க்காமல், கிண்ணத்தின் ஓரமாக நூல் போல் விட்டுக்கொண்டே மெதுவாக அடியுங்கள். கொஞ்சம் தளர்ந்ததுபோல் தோன்றும். பத்துப் பதினைந்து சுற்றில் மறுபடி பிடித்துக்கொள்ளும். தொடக்கத்திலேயே மதுவைச் சேர்த்து அடிப்பவர்களும் உண்டு, ஒரு கரண்டி அளவுக்கு அதுவும் சரியாக வரும். கடைசியில் சேர்ப்பதை நான் வலியுறுத்துவதற்கு வேறு காரணம் இருக்கிறது: மது சேர்க்காத கிரீமில் பாதியை அதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடலாம். அப்படிப் பிரித்தால் மதுவையும் பாதியாக்க மறக்காதீர்கள்.

ருசி பார்க்கும்போது வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். குளிரில் மணம் அடங்கித் தெரியும். கொழுப்பு வாசனையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும். போத்தலில் மூக்கைக் குத்தும் அதே ரம் கிரீமுக்குள் வந்ததும் சாதுவாகிவிடுவது இதனால்தான்.

பரிமாற நேரமாகும் என்றால், எல்லா வீட்டிலும் இருக்கும் பால்மா ஒரு மேசைக்கரண்டியைச் சீனியோடு சேர்த்துத் தூவலாம். தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு, புரதத்தையும் கூட்டித் தரும். மூடி வைத்தால் மூன்று, நான்கு மணி நேரம் தாராளமாக நிற்கும். மது சேர்த்த கிரீம் சாதாரணக் கிரீமைவிடச் சீக்கிரம் நீர் விடும் என்பதால், முந்தின நாளே செய்து வைப்பது நல்லதல்ல.

வாசனை இன்னும் வேண்டும், நுரையும் கெடக் கூடாது என்பவர்களுக்கு ஒரு வழி: நான்கு கரண்டி ரம்மையும் இரண்டு கரண்டி சீனியையும் சிறு தீயில் வற்றவைத்துப் பாகாக்கி, முழுதாகக் குளிர வைத்து அதில் ஒரு கரண்டி சேர்ப்பது. மதுசாரம் பெரும்பகுதி போய்விடும், மணம் தங்கும். கேஸ் அடுப்பின் சுவாலைக்கு மேல் போத்தலைச் சாய்க்காதீர்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தில் ஊற்றிய பிறகு ஏற்றுங்கள். அதன் ஆவி தீப்பற்றும்.

எதன் மேல் வைப்பது? நுவரெலியா ஸ்ட்ராபெரிக்கு நிகரில்லை. அதன் புளிப்பும் கிரீமின் கொழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. கேரமல் புட்டிங், பிரெட் புட்டிங், இஞ்சி கேக் எல்லாமே சரி. வட்டிலப்பத்தின் மேல் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஏற்கெனவே தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் இருக்கும்போது இது எதற்கு என்பது என் கட்சி. அன்னாசி வைப்பதானால் பரிமாறும் நொடியில் வையுங்கள். பச்சை அன்னாசியிலுள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும்.

யாருக்கு, யாருக்கு இல்லை

கேக்கில் ஊற்றிய பிராந்தியில் ஒரு பகுதி வேகும்போது ஆவியாகிறது. இங்கே அடுப்பே இல்லை என்பதால் ஊற்றியது அப்படியே இருக்கும். ஒரு மேசைக்கரண்டி 40 சதவீத ரம்மில் தூய மதுசாரம் 6 மில்லிலீற்றர். ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒரு மில்லிலீற்றர். யாரும் தள்ளாடப் போவதில்லை. ஆனாலும் அது மதுதான். இலங்கையில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்பதைச் சட்டம் தடுக்கிறது. வீட்டு மேசையிலும் பிள்ளைகளுக்கு அதே எல்லையை வைப்பதில் தவறில்லை. கர்ப்பிணிகள், ஈரல் நோயாளிகள், மதுவோடு சேரக் கூடாத மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கும் வேண்டாம்.

நம் பக்கத்தில் இன்னும் சில இருக்கின்றன. கிறிஸ்மஸ் வரும் காலத்தில்தான் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வீடு தோறும் இருப்பார்கள். முஸ்லிம் அயலவர்களும் பலகாரத் தட்டுக்கு உரியவர்கள். இவர்களுக்குச் சொல்லாமல் வைப்பது விருந்தோம்பல் ஆகாது. குடியை விட்டு மீண்டவர் ஒருவர் இருக்கும் வீட்டில், அளவு சிறியதென்று சமாதானம் சொல்லிக்கொண்டு இதைச் செய்யவே வேண்டாம். அவருக்கு வாசனையே போதும் தொல்லை. குடியால் தோட்டக் குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. போத்தல் வாங்க நினைப்பவர்கள் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள், போயா தினத்தில் மதுக்கடை திறக்காது.

தனியாக எடுத்து வைக்கும் பங்கை வெறும் சீனிக் கிரீமாக விட்டுவிடவும் வேண்டாம். நம்மிடம் தேயிலை இருக்கிறது. 220 மில்லிலீற்றர் கிரீமில் இரண்டு தேக்கரண்டி தேயிலையைப் போட்டு, சூடாக்காமல், இரவு முழுவதும் குளிரில் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். இலை கொஞ்சம் கிரீமைக் குடித்துவிடும் என்பதற்காகத்தான் அந்த 20 கூடுதல். தோட்டத்தில் கைக்குக் கிடைக்கும் டஸ்ட் தூள் இதற்குச் சரிவராது. கசக்கும், துணியிலும் தங்காது. சற்றுப் பெரிய இலையாகப் பாருங்கள். வெளிறிய பழுப்பு நிறத்தில், பால் தேநீர் மணத்தோடு நுரைக்கும். கொழுப்பை நீர்க்கச் செய்யும் எதுவும் சேராததால் மதுக் கிரீமைவிட உறுதியாகவே நிற்கும். ரம் கிரீமை ஒதுக்கிவிட்டு இதற்குக் கை நீட்டுபவர்களும் இருப்பார்கள்.

கடைசியாக, அடி மிஞ்சிவிட்டால்: பளபளப்பு போய் மேற்பரப்பு ரவை போலாகி, லேசாக மஞ்சள் தட்டும். அந்தக் கட்டத்தில் அடிக்காத கிரீம் இரண்டு கரண்டியை விட்டுக் கரண்டியால் மெல்ல மடித்துக் கலந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதையும் தாண்டி நீர் பிரிந்துவிட்டால் மீட்க முயலாதீர்கள். முழுதாக அடித்து நீரை வடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஐசிங் சீனி சேர்த்துப் பிசையுங்கள். கிடைப்பது ரம் வெண்ணெய். சூடான பிரெட் புட்டிங்கின் மேல் அது உருகி இறங்கும், மறுநாள் காலையில் வாட்டிய ரோஸ் பாணுக்கும் பூசலாம். வடித்த நீரில் மது இருக்கும் என்பதால், அதை மோர் என்று நினைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.